மாப்பிள்ளையை எழுப்பும் சிஸ்டர்

மாப்பிள்ளையின் சட்டையில் மேல் பொத்தானைப் போட்டுவிட்டு, சிஸ்டர் உள்ளங்கையை அவன் நெஞ்சின் நடுவில் ஒரு கணம் வைத்துப் பார்க்கிறார். பிறகுதான் பையின் ஜிப்பை இழுக்கிறார். ஜிப் கழுத்துவரைதான் வரும். அதற்கு மேல் பல் போய்விட்டது. ஆகவே மாப்பிள்ளை எங்கே போனாலும் தலையை வெளியே நீட்டிக்கொண்டு, வாயை அரைகுறையாகத் திறந்தபடிதான் போவான்.

மாப்பிள்ளை ஒரு ரப்பர் பொம்மை. இடுப்புக்குக் கீழே கிடையாது. நின்றுபோன இதயத்தை, நெஞ்சை அமுக்கி ஓடவைப்பது எப்படி என்று டாக்டர்களும் நர்ஸுகளும் பழகுகிற பொம்மை. போதுமான ஆழத்துக்கு அமுக்கினால் உள்ளே 'டொக்' என்று சத்தம் வரும். வராவிட்டால் அந்த அமுக்கு கணக்கில் சேராது. பெயர் வந்த காரணத்தைச் சிஸ்டரிடம் கேட்டேன். "ஒரு வேலையும் செய்யாம நடுவுல படுத்திருக்கான். சுத்தி நின்னு எல்லாரும் என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு பதறுறாங்க. வேற என்ன பேரு வைக்கிறது தம்பி?" என்றார். கால் இல்லாததால் ஊர் சுற்றப் போகாத மாப்பிள்ளை என்ற பெருமை வேறு.

அவருடைய மகளைக் கட்டிய நிஜ மாப்பிள்ளை வெளியூரில் இருக்கிறார். வாராவாரம் போனில் கூப்பிடுவார். "ஒரு நிமிஷம் இருங்க மாப்பிள்ளை, மாப்பிள்ளைக்குச் சட்டை மாட்டிட்டு வந்துடறேன்" என்று சிஸ்டர் சொல்வது என் வீடுவரை கேட்கும். அந்த முனையில் அவர் என்ன நினைத்துக்கொள்கிறாரோ தெரியாது. ஒருநாள் வாடகைக் காரில் போகும்போது, "மாப்பிள்ளைக்கு நெஞ்சுல ஸ்பிரிங் போயிடுச்சு, டிக்கியில போட்டுத்தான் எடுத்துட்டு வரேன்" என்று போனில் சொல்லியிருக்கிறார். டிரைவர் நேராகப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

நான் கீழ்வீடு. குடிவந்த புதிதில், தினமும் விடியற்காலையில் தலைக்கு மேலே டொக் டொக் என்று விடாமல் சத்தம் கேட்கும். கூடவே ஒரு பெண்குரல் யாரையோ திட்டும். புருஷனைத்தான் போட்டு மொத்துகிறார் என்று நினைத்தேன். தலையிடுவதா வேண்டாமா என்று ஒரு மாதம் போல யோசித்தேன். யோசிப்பதில் நான் சூரன். கடைசியில் அந்தப் புருஷனே மாடிப்படியில் எதிரே வந்தார். மேலில் ஒரு கீறல் இல்லை. கொட்டாவி மட்டும் விட்டுக்கொண்டிருந்தார். பஸ் டிப்போவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கே உட்கார வைத்தாலும் தூங்கிவிடுகிற பாக்கியசாலி.

சிஸ்டரும் ஓய்வுபெற்றவர்தான். பணிக்காலம் முழுக்க இதய வார்டில் நர்ஸாக இருந்தவர். இப்போது இவரைப் பயிற்சியாளராக வைத்திருப்பது இதய மருத்துவர்களின் சங்கம். சங்கத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தவர்கள் உண்டாம். கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் விட்டுவந்திருக்கிறார்கள். அது நோயாளிகளுக்கான இடமில்லை. நோயாளிகளைப் பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொள்கிற இடம். புதிதாக வந்த சிகிச்சை எது, கைவிட வேண்டிய பழைய சிகிச்சை எது என்று வருஷாவருஷம் புத்தகம் போட்டுக் கொடுப்பார்கள். வகுப்பு எடுத்து, தேர்வு வைத்து, கார்டு தருவார்கள். அந்தக் கார்டு இல்லாமல் இதய வார்டில் வேலை பார்க்க முடியாது. கையிலிருந்த உயிர் நழுவிப்போய் வீட்டுக்குப் போகவே பிடிக்காமல் ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்தால், அதே மாதிரி உட்கார்ந்திருந்த இன்னொரு டாக்டரை அவரிடம் அனுப்புவார்கள். நல்லது கெட்டது எதுவானாலும் முதல் ஆளாக வந்து நிற்கிற சித்தப்பா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பாரே, டாக்டர்களுக்கு அந்தச் சித்தப்பா இந்தச் சங்கம்.

சிஸ்டரின் வகுப்பில் சித்தப்பா தயவெல்லாம் செல்லாது. "டாக்டர், நெஞ்சை அமுக்கச் சொன்னா மெத்தை விலை விசாரிக்கிறீங்க." "முழங்கையை மடக்காதீங்கம்மா, மாவு பிசையலை நாம." ஒருவர் தேறவில்லை என்றால் அதை வாயால் சொல்ல மாட்டார். "தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊரில் உள்ள எல்லா ஆஸ்பத்திரிக்கும் தெரியும். சங்கத்தின் இப்போதைய செயலாளர் பெரிய டாக்டர்; மணிக்கட்டு வழியாக மெல்லிய கம்பியை விட்டு இதயத்து அடைப்பை எடுக்கிறவர்; விரல் நுனியிலேயே தொழில் செய்து பழகியவர். அவர் ஒரே வகுப்பில் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தவர்.

ஆழம் பழகிவிடும், வேகம்தான் கஷ்டம் என்பது சிஸ்டரின் கட்சி. முப்பது தடவை ஒரே சீராக, சுறுசுறுப்பாக அமுக்க வேண்டும்; உடனே தலைமாட்டில் இருக்கிறவர் இரண்டு தடவை மூச்சுக் கொடுக்க வேண்டும்; திரும்ப முப்பது. எண்ணிக்கொண்டே செய்தால் என்ன ஆகிறது என்று எனக்கு விளக்கினார். "பத்து வரைக்கும் கை ஓடும் தம்பி. பதினஞ்சுல நடக்கும். இருபத்தஞ்சுல உக்காந்துடும். அவ்ளோ பெரிய நம்பரை வாய் சொல்லி முடிக்கட்டும்னு கை காத்துட்டு நிக்கும்." அதற்காக அவர் கையாளும் முறைதான் விடியற்காலையில் எனக்குக் கேட்ட திட்டு. வார்த்தைக்கு ஓர் அமுக்கு.

"எந்திரி, எந்திரி, இன்னும் என்ன தூக்கம்? விடிஞ்சு வெயில் வந்து வாசலெல்லாம் வெளிச்சம். பாலும் வந்தாச்சு, பேப்பரும் வந்தாச்சு, பக்கத்து வீடெல்லாம் வேலைக்குப் போயாச்சு. சொன்னா கேக்கணும், சும்மா கிடக்காத. இத்தனை பேர் நிக்கிறோம், எங்களுக்கு வேலையில்ல? எந்திரி, எந்திரி, எந்திரி."

சரியாக முப்பது வார்த்தை. வாய்விட்டு, உரக்கச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய கட்டளை. வெளிநாட்டில் பெரிய படிப்பு படித்தவர்கள், தலை நரைத்தவர்கள், பேசவே கூச்சப்படும் புது நர்ஸுகள், எல்லோரும் மாப்பிள்ளையின் பக்கத்தில் மண்டியிட்டு 'பாலும் வந்தாச்சு, பேப்பரும் வந்தாச்சு' என்று கத்துவதை நான் ஒருமுறை பார்த்தேன். சிரிப்பை அடக்கப் போய் எனக்கு விக்கல் வந்துவிட்டது. "தண்ணி குடிச்சிட்டு வாங்க தம்பி" என்றார்.

வினை எங்கிருந்து வந்தது என்றால், ஒரு தையல்கடைக்காரரிடமிருந்து. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த நிமிஷத்தில் அவருடைய நெஞ்சு நின்றுவிட்டது. சிஸ்டரிடம் பயின்ற இளம் டாக்டர் ஒருவர் அமுக்கி அமுக்கி ஆளை மீட்டுவிட்டார். ஆனால் திரைக்கு இந்தப் பக்கம் அவர் மனைவி நின்றிருந்தார். அந்தம்மாள் காதில் விழுந்தது என்ன? 'சொன்னா கேக்கணும், சும்மா கிடக்காத. இத்தனை பேர் நிக்கிறோம், எங்களுக்கு வேலையில்ல?' உயிர் ஊசலாடும் நேரத்தில் தன் வீட்டுக்காரரைப் படுக்கவைத்துத் திட்டினார்கள் என்று அந்தம்மாள் புகார் கொடுத்துவிட்டார்.

இளம் டாக்டர் ஆடிப்போய்விட்டார். சித்தப்பா வேலையைச் சங்கம் சரியாகச் செய்தது. செயலாளர் தானே போய் அவரோடு பேசிக்கொண்டிருந்தார். பிறகு சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு தையல்கடைக்காரர் வீட்டுக்குப் போனார். சிஸ்டர் விஷயத்தை விளக்கினார். அந்தம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "எல்லாம் சரிங்க. ஆனா அவரைத் திட்டுற உரிமை எனக்கு மட்டும்தான். கல்யாணம் ஆன நாள்லருந்து வேற யாருக்கும் குடுத்ததில்ல." உள்ளே கட்டிலில் இருந்து ஒரு மெல்லிய குரல், "யார் திட்டினா என்ன, எந்திரிச்சிட்டேன்ல" என்றது. புகார் வாபஸ் ஆயிற்று.

ஆனால் இன்னொரு சிக்கலும் அன்று இருந்தது. அதைச் சிஸ்டரே ஒப்புக்கொண்டார். அன்று தலைமாட்டில் நின்று மூச்சுக் கொடுத்த நர்ஸ் வேறு ஊரிலிருந்து புதிதாக வந்தவர். இந்தத் திட்டு அவருக்குத் தெரியாது. "பேப்பரும் வந்தாச்சுன்னா இன்னும் எவ்ளோ பாக்கின்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று அவர் கேட்டது நியாயம்தானே. செயலாளர் முடிவாகச் சொல்லிவிட்டார்: இனிமேல் எண்தான், அதையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். பயிற்சியாளர்கள் எண்ணியபடி அமுக்கிக் காட்டினால் கார்டு புதுப்பிக்கப்படும். முடியாதவர்கள் பொம்மையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

"நியாயமான ரூல்தான்" என்று சிஸ்டர் என்னிடம் சொன்னார். மாடிப்படியில் உட்கார்ந்து மாப்பிள்ளையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஆனா மாப்பிள்ளையைக் குடுத்துட்டு நான் வீட்டுல என்ன பண்றது? எங்க வீட்டுக்காரரைப் பார்த்துட்டே உக்காந்திருக்கணும். இவரைப் பார்த்துட்டே உக்காந்திருந்தா மூச்சு வருதா, மூச்சு வருதான்னுதான் பார்ப்பேன். ரெண்டு பேருக்கும் பைத்தியம் புடிச்சிடும்." துடைத்த முகத்தையே இன்னொரு தடவை துடைத்தார்.

அதன் பிறகு விடியற்காலைகளில் திட்டு நின்றுபோய் எண்கள் கேட்க ஆரம்பித்தன. ஒன்றிலிருந்து பத்துவரை நன்றாகப் போகும். பதினைந்தைத் தாண்டினால் டொக்குக்கும் டொக்குக்கும் நடுவில் இடைவெளி விழும். இருபத்து மூன்று, இருபத்து நான்கு என்று வண்டி திணறும். பிறகு சத்தமே இருக்காது. "சனியன்" என்று ஒரு குரல் கேட்கும். மறுபடி ஒன்று. நான் போர்வைக்குள் படுத்துக்கொண்டு அவரோடு சேர்ந்து எண்ணுவேன். நானும் இருபத்தைந்தில் உட்கார்ந்துவிடுவேன்.

தேர்வு நாளன்று, பையைத் தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனார். வாடகைக் காரின் பின்சீட்டில் சிஸ்டர், நடுவில் பெல்ட் போட்ட மாப்பிள்ளை, இந்தப் பக்கம் நான். அவருடைய கணவர் முன்சீட்டில். அவர் தூங்காமல் வந்த அபூர்வப் பயணம் அது. திரும்பிப் பார்த்து, "எந்திரி எந்திரி எப்படி வந்துச்சுன்னு இவ உங்ககிட்ட சொன்னாளா சார்?" என்று கேட்டார். "அது என்னை எழுப்புற பாட்டு. டிப்போவுக்குக் காலை ஷிப்ட் போகணும்ல, தினம் பாடுவா. ஒருநாள் பாடியிருக்கா, நான் எந்திரிக்கலை. தூக்கம்னு நினைச்சுக் கத்தியிருக்கா. அப்புறம்தான் நெஞ்சு நின்னுடுச்சுன்னு பார்த்திருக்கா."

நான் சிஸ்டரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதய வார்டுலயே காலம் தள்ளினவ சார். அன்னைக்கு வாயில ஒரு நம்பர்கூட வரலையாம். என்ன வந்துச்சோ அதைச் சொல்லிக்கிட்டே அமுக்கியிருக்கா. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் திட்டு. ரெண்டு விலா எலும்பு போச்சு. இப்பவும் குளிர்காலத்துல வலிக்குது."

"எலும்பு போனா ஒட்டிக்கும்" என்று ஜன்னலைப் பார்த்தபடியே சிஸ்டர் சொன்னார்.

விடியற்காலை டொக் டொக் எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. தினமும் அவரை எழுப்பப் போகும் முன்னால், இந்த மனுஷி கையைத் தயார் செய்துகொள்கிறார். நான் அதைப் புருஷனை மொத்தும் சத்தம் என்று நினைத்துக்கொண்டு போர்வையை இழுத்து மூடியிருக்கிறேன்.

சங்கத்து அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருக்கிறது. சுவரில் பழைய தலைவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாகத் தொங்குகிறார்கள். மேஜைமேல் தலையணை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் இதயம்; மூடியைத் திறந்தால் உள்ளே நான்கு அறைகளும் தெரியும். இடது அறையில் பீரோ சாவியும் வலது அறையில் ரப்பர் பேண்டும் வைத்திருக்கிறார்கள். தரையில் தேர்வுக்கான புதுப் பொம்மை. அதன் பக்கத்தில் சின்னத் திரை: வேகமும் ஆழமும் சரியாக இருந்தால் பச்சை, மெதுவானால் மஞ்சள், அவசரப்பட்டால் சிவப்பு. சிஸ்டர் அதைச் சுற்றிவந்து பார்த்தார். "நம்ம மாப்பிள்ளை அளவுக்கு லட்சணம் இல்ல" என்றார். கணவர் மூலை நாற்காலியைக் கண்டதும் போய் உட்கார்ந்து, தேர்வு தொடங்குமுன் தூங்கிப்போனார்.

செயலாளர் திரைக்கு அருகில் நின்றார். சிஸ்டர் மண்டியிட்டு எண்ண ஆரம்பித்தார். பதினேழு வரை பச்சை. பிறகு மஞ்சள் வந்தது, வந்தது போகவேயில்லை. இரண்டாம் தடவை, மஞ்சள் வந்துவிடுமோ என்ற பயத்தில் வாய் எண்களை விழுங்கிக்கொண்டு ஓட, கை அதற்கு முன்னால் ஓடி, திரை சிவந்தது. சிஸ்டர் நிறுத்தினார். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டார். இன்னும் ஒரு வாய்ப்புதான் பாக்கி.

"சிஸ்டர்," என்றார் செயலாளர். "தண்ணி குடிச்சிட்டு வாங்க."

பழி தீர்த்துக்கொள்ளும் சுகம் அவர் முகத்தில் தெரிகிறதா என்று பார்த்தேன். இல்லை. பாவம், அவருக்குத்தான் அதிகமாக வியர்த்திருந்தது. டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தவரும் அவர்தான்.

சிஸ்டர் கடைசிச் சொட்டுவரை நிதானமாகக் குடித்தார். "டாக்டர், மூச்சுக் குடுக்குறவருக்கு நம்பர் தெரியணும். அதுக்குத்தானே இந்த ரூல்?"

"அதுக்குத்தான்."

"அப்ப மூச்சுக் குடுக்குறவரே எண்ணட்டுமே. அமுக்குறவங்க வாயிலருந்துதான் வரணும்னு எங்கயாவது இருக்கா?"

செயலாளர் யோசித்தார். கையைக் கட்டிக்கொண்டிருந்த பழைய தலைவர்களை ஒருமுறை பார்த்தார். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. "அப்படி ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, மூச்சுக் கொடுக்கும் காற்றுப்பையை எடுத்துக்கொண்டு பொம்மையின் தலைமாட்டில் தானே மண்டியிட்டார். "நான் எண்ணுறேன். நீங்க அமுக்குங்க."

அவர் எண்ணினார், சிஸ்டரின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன, கை ஓடியது, பச்சை. பதினைந்து, பச்சை. இருபது, பச்சை. இருபத்தொன்றில் செயலாளரின் வாய் தடுமாறியது. சிஸ்டரின் கை நிற்கவில்லை. செயலாளர் "இருபத்திரெண்டு" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்கு வாயைத் திறந்தார். வந்தது எண் இல்லை: "இத்தனை பேர் நிக்கிறோம், எங்களுக்கு வேலையில்ல? எந்திரி, எந்திரி, எந்திரி."

சொல்லி முடித்த கையோடு காற்றுப்பையை அமுக்கினார். இரண்டு மூச்சும் கச்சிதமாக விழுந்தன. அதற்குப் பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே உறைத்தது. காதுவரை சிவந்துவிட்டார். ஆனால் பெரிய ஆள், நிறுத்தவில்லை. மீதிச் சுற்று எல்லாவற்றிலும் இருபத்திரண்டுவரை எண், அதற்குமேல் திட்டு. திரை கடைசிவரை பச்சையாகவே இருந்தது.

"மூணு டம்ளர் தண்ணி குடிச்சுக் கத்துக்கிட்டது" என்று எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார், ஏதோ நான் விளக்கம் கேட்டதுபோல. பிறகு சிஸ்டர் பக்கம் திரும்பினார். "இருபது வரைக்கும் நம்பர். கடைசிப் பத்து உங்க வழி. அப்படியே ரூலாக்கிடலாம். புதுசா வர்றவங்களுக்கும் எங்க மூச்சுக் குடுக்கணும்னு தெரிஞ்சுடும்."

"'சும்மா கிடக்காத'ங்கிறதை மட்டும் எடுத்துடலாம் டாக்டர். அந்தம்மா மனசு கஷ்டப்பட்டாங்க."

"எடுத்தா ரெண்டு அமுக்கு குறையுமே."

இரண்டு பேரும் தரையையே பார்த்துக்கொண்டு தீவிரமாக யோசித்தார்கள். ஒருவர் ஊரிலேயே பெரிய இதய டாக்டர். "கண்ணைத் தொறக்கணும்னு வச்சுக்கலாமா?" என்றார் சிஸ்டர். செயலாளர் விரலால் மேஜையில் தட்டிச் சொல்லிப் பார்த்து, "உக்காருது" என்றார். பிளாஸ்டிக் இதயத்தின் இடது அறையிலிருந்து சாவியை எடுத்து, பீரோவைத் திறந்து, புதுக் கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நான் மாப்பிள்ளையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். மூலை நாற்காலியில் கணவர் தலையைச் சுவரில் சாய்த்து, இத்தனை கூத்துக்கும் கண் திறக்காமல் தூங்கிக்கொண்டிருந்தார். "சாரை எழுப்பட்டுமா?" என்று செயலாளர் கேட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, சிஸ்டர் அவர் அருகே போனார். திறந்திருந்த மேல் பொத்தானைப் போட்டுவிட்டார். உள்ளங்கையை நெஞ்சின் நடுவில் வைத்தார். அது அவர் கையை மெல்லத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கியது. எந்திரி எந்திரி எப்போது வரும் என்று நானும் செயலாளரும் காத்துக்கொண்டு நின்றோம். சிஸ்டர் கையை எடுக்காமலே, காலால் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.